குழந்தைக்கு முதற்கருவி எது?

ஐந்து அல்லது ஆறு வயதுக் குழந்தைக்கு இசை கற்பிக்க விரும்பும் பெற்றோர் ஆசிரியரிடம் கேட்கும் வினா பெரும்பாலும் ஒன்றே: எந்தக் கருவியை வாங்கித் தரலாம்? விடையைத் தீர்மானிப்பவையோ பல வேளைகளில் இசைக்கு வெளியே இருக்கின்றன. உறவினர் வீட்டுப் பிள்ளை எதைப் பயில்கிறது, எந்த வகுப்பில் இடம் கிடைத்தது, பெற்றோர் தம் இளமையில் பயில விரும்பி இயலாது போனது எது என்பவையே முன்னிற்கின்றன. குழந்தையின் கை எவ்வளவு விரியும், அதன் காது எந்த ஒலிகளைக் கேட்டு வளர்ந்தது என்ற எண்ணம் பின்தங்கிவிடுகிறது. இவ்வாறு வாங்கிய கருவி சில மாதங்களில் அலமாரியின் மேல் ஏறிவிடுவதைப் பார்க்கிறோம். பணம் போனது சிறு இழப்பு. ‘எனக்கு இசை வராது’ என்று அக்குழந்தை தன்னைப் பற்றி முடிவு செய்துகொள்வது பேரிழப்பு. பின்னாளில் அம்முடிவை மாற்றுவது எளிதன்று.

தமிழ் மரபு இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி எனப் பகுத்ததோடு நில்லாமல், மிடற்றுக்கருவி என்று மனிதக் குரலையும் அவ்வரிசையில் வைத்தது. கடைக்குச் செல்வதற்கு முன் இப்பகுப்பை நினைவிற்கொள்வது நன்று. முதற்கருவி குழந்தையிடம் ஏற்கெனவே இருக்கிறது. நாம் வாங்கப்போவது இரண்டாவது கருவி. ஆகவே வினாவைச் சற்று மாற்றிக் கேட்கலாம். குழந்தையின் மிடறு இப்போது பாடுவதை எந்தக் கருவியில் அதன் கை விரைவில் எடுத்துக் காட்டும்?

இக்கருத்து நமக்கு மட்டும் உரியதன்று. அங்கேரி நாட்டு இசையறிஞர் கோடாய் (1882–1967), கருவியைத் தொடுமுன் குழந்தை பாடக் கற்கவேண்டும் என்றும், பாடுவது தன் தாய்மொழியின் நாட்டுப்பாடலாக இருக்கவேண்டும் என்றும் வலியுறுத்தினார். அவர் எண்ணத்தின்வழி நாள்தோறும் பாடும் தொடக்கப்பள்ளி 1950இல் கெச்கெமேட் நகரில் அமைந்தது. ஜப்பானிய வயலின் ஆசிரியர் சுசுகி (1898–1998) இன்னும் எளிய ஓர் உண்மையிலிருந்து தொடங்கினார். ஜப்பானியக் குழந்தைகள் அனைவரும் ஜப்பானிய மொழியைத் தடையின்றிப் பேசுகிறார்கள். அதற்கு எந்தத் தேர்வும் வைத்து அவர்களைப் பொறுக்கி எடுக்கவில்லை. கேட்டல், திரும்பச் சொல்லல், தாயின் மகிழ்ச்சி ஆகியவற்றால் மொழி வருமெனில் இசையும் அவ்வாறே வரும் என்றார். தம் முறைக்குத் தாய்மொழி முறை என்றே பெயரிட்டார். அம்முறையில் தாயோ தந்தையோ முதலில் சிறிது வாசிக்கக் கற்பர். பாடல்களின் ஒலிப்பதிவு வீட்டில் நாள்தோறும் ஒலிக்கும். மிகச் சிறிய குழந்தைகளுக்குத் தொடக்கத்தில் ஓசை எழுப்பாத பெட்டி வயலினைத் தந்து நிற்கவும் பிடிக்கவும் பழக்குவதும் உண்டு.

மொழி கற்பிக்கும் நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. சிங்கப்பூரில் ஆங்கிலமே வீட்டுமொழியாகிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் பல. அவ்வீடுகளில் தாலாட்டும் கைவீசிப் பாடும் பாட்டும் தாமாக ஒலிப்பதில்லை. இசை வகுப்புக்குக் குழந்தையை அனுப்பிவிட்டு, வீட்டில் எவரும் எதுவும் பாடாதிருப்பது, மொழி வகுப்புக்கு அனுப்பிவிட்டு வீட்டில் அம்மொழியைப் பேசாதிருப்பதற்கு ஒப்பாகும். அதன் விளைவைத் தமிழாசிரியர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

மிடற்றுக்கு அடுத்து நிற்பது கை. நம் தாளக் கல்வியில் மிக அழகிய ஒழுங்கு ஒன்று உண்டு. மிருதங்கம் பயில்வோர் ‘த, தி, தொம், நம்’ என்னும் சொற்களை வாயால் சொல்லிச் சொல்லியே அடிகளைக் கற்கின்றனர். கருவி எதிரில் இல்லாதபோதும் பாடம் நடக்கும். இச்சொற்கட்டே கொன்னக்கோல் என்னும் தனிக்கலையாகவும் வளர்ந்தது. ஐந்து என்னும் எண்ணிக்கையைச் சிறு குழந்தைக்கு விளக்குவது கடினம். ‘தக தகிட’ என்று சொல்லவைப்பது எளிது. ஏழுக்குத் ‘தகிட தகதிமி’. சொல் நாவில் நின்றபின் கை அதைத் தொடர்கிறது. எழுத்தின் ஒலியளவாகிய மாத்திரையைத் தொல்காப்பியம் கண் இமைப்பதனாலும் கைந்நொடியாலும் அளந்தது. குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்கு இரண்டு எனக் குழந்தைகளைத் தம் பெயர்களைத் தட்டிக் காட்டச் செய்தால், இலக்கணமும் தாளமும் ஒரே பாடத்தில் முடிகின்றன. கருவி எதுவும் தேவையில்லை, மேசை போதும். (மேசை எவருடையது என்பதில் மட்டும் கவனம் தேவை.)

இப்பழக்கம் பெற்ற குழந்தைக்கு மிருதங்கமே அடுத்த கருவியாகலாமா? ஆகலாம், சில வரையறைகளோடு. முழு அளவு மிருதங்கம் பலாமரத்தில் குடைந்தது, கனமானது, அதன் இரு முகங்களையும் எட்ட ஆறு வயதுக் கைகளை அகல விரிக்கவேண்டும். சிறுவர்க்கென நீளம் குறைந்த மிருதங்கங்கள் செய்யப்படுகின்றன, அவற்றையே நாடவேண்டும். நம் நாடுகளின் ஈரக்காற்றில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். குளிரூட்டிய அறையில் வேறு விதமாக மாறும். இடப்பக்கத்தில் அப்பும் ரவையை ஒவ்வொரு முறையும் துடைத்தெடுக்காவிடில் பூசணம் பிடிக்கும். வார் பிடித்துச் சுருதி சேர்க்கத் தெரிந்தவர் அருகில் இருக்கிறாரா என்பதை வாங்குமுன் கேட்டறிவது நலம். நார்க்கண்ணாடி உடலும் செயற்கைத் தோலும் கொண்ட மிருதங்கங்கள் இத்தொல்லைகளைக் குறைக்கின்றன. நாதத்தில் அவை ஈடாகா என்று வித்துவான்கள் கூறுவது உண்மைதான். ஆயினும் அடுக்குமாடி வீட்டில் முதல் ஆண்டைக் கடக்க அவை போதும் என்பது நம் கருத்து.

பண்ணிசைக்கும் கருவிகளில் இன்று மிகுதியாக வாங்கப்படுவது மின்விசைப்பலகை. அதை இழித்துரைப்போர் பலர்; அது நேர்மையன்று. தொட்டவுடன் சரியான சுரம் ஒலிக்கிறது. ஒரு வெண்கட்டையின் அகலம் 2.3 செ.மீ. அளவே ஆதலால் ஐந்து விரல்களும் ஐந்து கட்டைகளில் ஏறக்குறைய இயல்பாகவே அமைகின்றன. சுரங்களின் ஏற்ற இறக்கம் கண்ணுக்குத் தெரிகிறது. நம் பாடகர்கள் இன்றும் தம் சுருதியை ‘ஒரு கட்டை’, ‘ஐந்து கட்டை’ என்று குறிப்பது ஆர்மோனியத்தின் கட்டைகளைக் கொண்டே என்பதையும் மறக்கலாகாது. குறை வேறிடத்தில் இருக்கிறது. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லவும் அசைக்கவும் கட்டைக்குத் தெரியாது. கமகம் அதில் பிறவாது. எனவே நம் இசையைப் பயிலப்போகும் குழந்தை விசைப்பலகையில் வாசிப்பதை வாயாலும் பாடிக்கொண்டே இருக்கவேண்டும். மேலைப் பியானோவைத் தொடரப்போகும் குழந்தைக்கு இக்கவலை இல்லை. அதற்கு அழுத்தத்திற்கேற்ப ஒலி பெருகிக் குறையும் கட்டைகள் வேண்டும். தானே தாளம் போடும் பொத்தான்களை முதல் சில மாதங்கள் தொடாதிருப்பது இருவர்க்கும் நல்லது.

வயலினைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். குழந்தையின் உடலுக்கேற்ப இத்தனை அளவுகளில் கிடைக்கும் கருவி வேறில்லை: முப்பத்திரண்டில் ஒன்று தொடங்கி, எட்டில் ஒன்று, கால், அரை, முக்கால், முழு எனப் படிகள் பல. இப்பின்னங்கள் பெயரளவே, கால் வயலினின் உடல் ஏறத்தாழ 28 செ.மீ., முழு வயலினுடையது 35.5 செ.மீ. ஆறு ஏழு வயதில் கால் அளவு பலருக்குப் பொருந்தும். மேலை முறையில் கருவியைத் தோளில் வைத்து இடக்கையை நீட்டச் செய்து, சுருள்முனை உள்ளங்கையில் அடங்குகிறதா என்று ஆசிரியர் பார்ப்பார். மணிக்கட்டைத் தாண்டினால் கருவி சிறிது. கை எட்டாவிட்டால் பெரிது. ‘வளர்ந்தபின் சரியாகிவிடும்’ என்று சட்டை வாங்குவதுபோல் ஓர் அளவு கூட்டி வாங்குவது விரல்களைக் கெடுக்கும்.

தென்னாட்டிசைக்கு வயலின் வந்தது ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர், தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு ஆகியோர் அதை நம் இசைக்கு இசைவித்தனர். கருவி அவ்வளவு விரைவில் வேரூன்றியது ஏன் என்பதைத் தொடக்கப் பாடமே காட்டும். புரந்தரதாசர் வகுத்ததாகக் கூறப்படும் சரளிவரிசை மாயாமாளவகௌளை இராகத்தில் அமைந்தது. அவ்விராகத்தில் ச-ரி-க-ம என்பதற்கும் ப-த-நி-ச என்பதற்கும் இடைவெளிகள் ஒன்றே. நம் முறையில் வயலின் தந்திகளைச் ச, ப, ச, ப எனச் சுருதி கூட்டுகிறோம். ஆகவே சட்சத் தந்தியில் விரல்கள் எங்கு விழுந்தனவோ, பஞ்சமத் தந்தியிலும் அங்கேயே விழுகின்றன. ஒரு பாதியைக் கற்ற குழந்தைக்கு மறுபாதி இலவசம். விசைப்பலகையில் இந்த ஒற்றுமை கண்ணுக்கு இவ்வளவு தெளிவாகப் புலப்படுவதில்லை. ஆனால் வயலினில் சுரத்தானத்தைக் காட்டும் மெட்டு எதுவுமில்லை. காது சொல்வதை விரல் கேட்கவேண்டும். எனவே பாடத் தெரிந்த குழந்தைக்கு அது நல்ல துணை. பாடாத குழந்தைக்கு முதல் ஓராண்டு நெடிது. அவ்வாண்டில் எழும் கீச்சொலியை வீட்டார் பொறுத்துக்கொள்வார்களா என்பதும் தேர்வின் ஒரு பகுதியே.

இருநாட்டுப் பள்ளிகளிலும் பழகிவரும் ரிக்கார்டர் குழல் மலிவானது என்பதாலேயே அதைப் பொம்மையாகக் கருதுகிறோம். ஊதினாலே ஒலி பிறக்கும்; புல்லாங்குழலில் உதட்டைக் குவித்து ஒலியைத் தேடும் துன்பம் அதில் இல்லை. துளைகளை விரல்நுனி முழுதும் மூடவேண்டும் என்பதால் ஏழெட்டு வயதுக்கு முன் அது தகாது. முதலில் பழகும் சுரங்கள் இடக்கையின் மூன்று விரல்களில் கிடைக்கின்றன. மேலும் இரண்டைச் சேர்த்தால் மோகன இராகத்தின் ஐந்து சுரங்கள் ஆகிவிடும். சரளிவரிசைக்கோ பாதித்துளை மூடும் நுட்பம் தேவைப்படும். அதைப் பின்னுக்குத் தள்ளிவைக்கலாம். செருமானிய இசையாசிரியர் ஓர்ஃப் (1895–1982) குழந்தைகளுக்கெனப் பரப்பிய கட்டையிசைக்கருவியில் வேண்டாத கட்டைகளைக் கழற்றிவிடலாம். எஞ்சும் ஐந்தில் எதைத் தட்டினாலும் இனிமை கெடாது. அவர் விரும்பிய ஐந்தும் மோகனத்தின் ஐந்தே. சீன நாட்டுப்பாடல்கள் பலவும் அவ்வைந்திற்குள் அடங்குவதால், பல்லின வகுப்பறையில் ஒரு குழந்தை தமிழ்ப்பாட்டையும் அடுத்த குழந்தை சீனப்பாட்டையும் அதே கட்டைகளில் வாசிக்க முடிகிறது.

வீணை, நாகசுரம், தவில் ஆகியவற்றைச் சிறு குழந்தைக்கு நாம் பரிந்துரைக்கவில்லை. 24 மெட்டுகளை உடைய வீணையின் தண்டு சிறு கைக்கு நீண்டது. நாகசுரத்திற்குப் பெருமூச்சு வேண்டும். அதுவும் முன்பற்கள் விழுந்து முளைக்கும் பருவத்தில் சீவாளியைப் பிடிக்க இயலாது. குழந்தை கோயிலில் அவற்றைக் கேட்டு மயங்கி நின்றால், அடிக்கடி அழைத்துச் சென்று கேட்கவைப்பதே இப்போதைக்கு உரிய பயிற்சி.

மலேசியாவில் உருமி மேளக் குழுவின் ஒலிக்கு ஆடாத சிறுவன் அரிது. அக்குழுக்களைக் கோயில் திருவிழாவோடு மட்டும் தொடர்புபடுத்தி இசைக்கல்விக்குப் புறம்பாக ஒதுக்குவது தவறு என்றே கருதுகிறோம். தனியறையில் அரைமணி நேரம் வாசிக்க மறுக்கும் பிள்ளை, பத்துப் பேர் நடுவில் இரண்டு மணி நேரம் சலியாமல் தட்டுவான். மலாய்க் கொம்பாங்கும் மூங்கிலால் ஆன அங்குலோங்கும் இவ்வகையினவே. கொம்பாங்கில் ஒருவர் அடிக்கும் இடைவெளியை மற்றவர் நிரப்புகிறார். ஒருவர் தவறினால் அனைவர்க்கும் தெரியும். தனியே பயில விரும்பாத குழந்தைக்கு இக்கூட்டுக்கருவிகள் முதற்பள்ளியாகலாம். உருமிக் குழுவின் நடுவில் நிற்கும் சிறுவனுக்குக் காதடைப்பு அணிவிப்பது மட்டும் கட்டாயம்.

ஆசிரியர் கிடைப்பாரா என்ற வினா ஈண்டு எல்லார்க்கும் உரியது. 1949இல் தொடங்கிய சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகமும் 1981இல் மலேசியாவில் தோன்றிய நுண்கலைக் கோயிலும் பல கருவிகளைக் கற்பிக்கின்றன. பெருநகரங்களுக்கு அப்பால் ஒரே ஓர் ஆசிரியர் இருப்பதும் உண்டு. அங்கே அவர் கற்பிக்கும் கருவியே தக்க கருவி. தொலைவிலுள்ள சிறந்த கருவியைவிட வாரம் தவறாமல் கிடைக்கும் நல்லாசிரியர் மேல்.

வாங்குமுன் ஒரு மாதம் வாடகைக்கோ இரவலாகவோ பெற்று வீட்டில் வைக்கலாம். பெட்டியில் பூட்டாமல் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் வைக்கவேண்டும். அம்மாதத்தில் பார்க்கவேண்டியது திறமை அன்று. எவரும் சொல்லாதபோது குழந்தை அதனிடம் செல்கிறதா? தனக்குத் தெரிந்த பாட்டொன்றை அதில் தேடுகிறதா? தேடும்போது முணுமுணுக்கிறதா? முணுமுணுத்தால் அக்கருவியை வாங்கலாம். வயலின் எனில் எட்டில் ஒன்று அளவு ஓரிரு ஆண்டுகளே பயன்படும். கைமாறி வந்ததை வாங்கி, வில்லின் மயிரையும் தந்திகளையும் மட்டும் புதுப்பித்துக்கொண்டால் போதும். அளவு போதாமற்போகும் நாளில் அது அடுத்த குழந்தைக்குச் செல்லும்.