தேநீர்க் கடையில் ஒரு தீர்ப்பு

போரூரை அடுத்த முகலிவாக்கத்தில் 2017 பிப்ரவரி மாதம் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி காணாமற்போய், பின்னர் எரிந்த பிணமாகக் கண்டெடுக்கப்பட்டதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். (அவள் பெயரை இங்கே எழுதவில்லை, சட்டமும் அதனைத் தடுக்கிறது.) அதே குடியிருப்பில் வசித்த இளைஞர் கைதானார். 2018-இல் செங்கற்பட்டு நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. ஆனால் 2025 அக்டோபர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

அன்று முதல் ஒரகடம் கூட்டுச்சாலைத் தேநீர்க் கடையிலும், தொழிற்சாலைப் பேருந்துகளிலும் துப்பறிவாளர்களுக்குக் குறைவில்லை. "பணம் விளையாடிவிட்டது" என்பார் ஒருவர். "வேறு எவனோ செய்தான்" என்பார் மற்றொருவர். "காமிராவில் தெரிந்ததாமே!" என்பார் மூன்றாமவர். தீர்ப்பைப் படித்தவர் மட்டும் அகப்படுவதில்லை.

காமிராவையே எடுத்துக்கொள்வோம். கோயிலொன்றில் இருந்த கண்காணிப்புக் காமிராவில் அந்த இளைஞரின் நடமாட்டம் தெரிந்தது என்பது போலீசாரின் வாதம். ஆயினும் அப்பதிவைக் கைப்பற்றி நீதிமன்றத்தில் முறைப்படி நிரூபிக்கவில்லை. 'பார்த்தோம்' என்ற வாய்மொழியே எஞ்சியது. சிறுமியை அவருடன் கடைசியாகக் கண்டதாகக் கூறிய சாட்சியோ, குழந்தையை எல்லோரும் தேடிக்கொண்டிருந்தபோது அதனை உடனே சொல்லவில்லை. போலீசாரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலம் நம் நாட்டுச் சட்டப்படி சாட்சியமாகாது. அதன் வழியாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்த அளவே செல்லும். அப்படிக் கண்டெடுத்ததாகச் சொல்லப்பட்டதையும் நீதிபதிகள் நம்பவில்லை. ஆய்வகத்துக்குச் சென்ற தடயங்கள் கைமாறிய முறையிலும் ஐயம் எழுந்தது. சந்தர்ப்ப சாட்சியத்தில் சங்கிலியின் ஒரு கண்ணியும் அறுந்திருக்கலாகாது என்பது 1984-ஆம் ஆண்டின் சாரதா வழக்கிலிருந்து நிலைபெற்ற நெறி. இங்கே அறுந்தவை பல.

விடுதலையானவரே குற்றவாளி என்று மீண்டும் மன்றாடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. கொன்றவர் யார் என்பதைச் சட்டம் இன்று சொல்லவில்லை. பெற்றவர்களுக்கு எட்டாண்டுக் காத்திருப்பின் முடிவில் கிடைத்த விடை அதுவே. அந்த வெற்றிடத்தை நம் ஊகத்தால் நிரப்புவது அவர்களுக்கு எவ்வகையிலும் ஆறுதலாகாது.

ஊகம் வெறும் பேச்சோடு நிற்பதுமில்லை. 2018 மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த மூதாட்டி ஒருவரைப் பிள்ளை பிடிப்பவர் என்று கருதிக் கூட்டம் அடித்தே கொன்றது. அவர் கோயிலுக்கு வந்தவர். வெளிமாநிலத் தொழிலாளர் நிறைந்த நம் பகுதியில் ஒரு குழந்தை சற்றுத் தாமதித்தாலும் முதல் விரல் எவர்பக்கம் நீளும் என்பதை வாசகர் அறிவர்.

தானியேல் நூலில் சூசன்னாவின் வழக்கு நினைவுக்கு வருகிறது. முதியோர் இருவரையும் தனித்தனியே பிரித்து, எந்த மரத்தடியில் கண்டீர் என்று தானியேல் கேட்டான். இருவரும் வெவ்வேறு மரத்தைச் சொன்னார்கள். கூட்டமோ அதற்கு முன்பே தீர்ப்பளித்துவிட்டிருந்தது.

குழந்தை காணாமற்போனால் 112 அல்லது 1098 எண்ணுக்கு உடனே தெரிவியுங்கள். கடைசியாகக் கண்ட நேரம், இடம், உடுத்தியிருந்த உடை ஆகியவற்றை அப்போதே தாளில் குறியுங்கள். அக்கம்பக்கத்துக் கடைக்காரரிடம் காமிராப் பதிவை அழியாமல் வைக்கச் சொல்லி, போலீசாருக்கும் அதனைத் தெரிவியுங்கள். பல கருவிகளில் பழைய பதிவின்மேல் சில நாள்களிலேயே புதியது ஏறிவிடும். ஏதேனும் கண்டவர் அன்றிரவே நிலையத்துக்குச் சென்று எழுதிக் கொடுக்கட்டும்.