சொரியாசிஸ் நோயும் ஓமியோபதி மருத்துவமும்

தோலிலே செந்திட்டுக்கள் தோன்றி, அவற்றின்மேல் வெள்ளிநிறச் செதில்கள் படிந்து உதிரும் நோயே சொரியாசிஸ் எனப்படுவது. உடலின் நிர்ப்பீடன ஆற்றல் நெறி பிறழ்வதனால், ஏறத்தாழ ஒரு மாதத்தில் மேலெழவேண்டிய தோற்கலங்கள் சில நாட்களிலேயே எழுந்து குவிகின்றன. இது தொற்றுநோயன்று. எனினும், எமது மலையகத் தோட்டங்களிலே இதனைக் குட்டமெனக் கருதி ஒதுக்குவாரும், அவ்வச்சத்தால் மறைப்பாரும் உளர். இம்மயக்கம் எமக்கே உரியதன்று. ஐரோப்பிய மருத்துவரும் நெடுங்காலம் மயங்கினர். வியன்னா நகரத்து ஹெப்ரா 1841 இலேயே இரண்டையும் தெளிவுறப் பிரித்தார்.

கொழுந்து பறிப்போர்க்கு இந்நோய் இரட்டைத் துன்பமாகும். கீறலோ உராய்வோ பட்டவிடத்திற் புதிய திட்டுத் தோன்றுதல் இதன் இயல்பு. தேயிலைச் சுள்ளிகள் கையைக் கீறும். கூடைக் கயிறு தலையை அழுத்தும். அளவான வெயில் பலருக்கு நோயைத் தணிக்கும். நுவரெலியாவின் குளிரும் மூட்டமும் அதற்கு மாறானவை.

இந்நிலையிற் சிலர் ஓமியோபதியை நாடுகின்றனர். 'ஒத்ததை ஒத்தது தீர்க்கும்' என்னும் கொள்கையை விரித்து, ஜேர்மனியரான ஹானிமன் 1810 இல் 'ஓர்கனன்' என்னும் நூலை வெளியிட்டார். இலங்கையில் 1970 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டம் இம்மருத்துவத்துக்கு இடமளித்தது. சொரியாசிஸுக்கு ஆர்சனிக்கம் அல்பம், கிராபைட்டிஸ், சல்பர் முதலியவற்றை அம்முறையினர் வழங்குவர். '30 சி' என்பது, நூற்றிலொரு பங்காக முப்பது முறை ஐதாக்கியது. பன்னிரண்டாம் முறையளவிலேயே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறேனும் எஞ்சுவது ஐயத்துக்குரியதாகிவிடும். பின்னர் எஞ்சுவது சீனி உருண்டையே. அவுஸ்திரேலிய தேசிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2015 இல் ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, எந்நோய்க்கும் ஓமியோபதி பயன்தருமென்பதற்கு நம்பத்தக்க சான்றில்லை என முடிவுசெய்தது.

அங்ஙனமாயின், குணங்கண்டோம் என்பார் பொய்யுரைக்கின்றனரா? அல்லர். சொரியாசிஸ் தானே பெருகித் தானே தணியும் நோய். பெருகிய வேளையில் மருந்து தேடுகின்றோம். இயல்பாகத் தணியும்போது புகழ் மருந்தைச் சேர்கின்றது. நோயாளியின் கதையை அம்மருத்துவர் பொறுமையுடன் கேட்பதும் ஓர் ஆறுதலே. நெரிசல்மிக்க வைத்தியசாலைகளில் அது கிடைப்பதரிது.

தீங்கு உருண்டையிலன்று, காலங்கடத்துதலிலேயே உளது. நோய் முற்றுவதையே 'மருந்து வேலைசெய்கின்றது' எனக் கொண்டு காத்திருப்பவர், தார்க் களிம்பு, ஊதாக்கடந்த ஒளிச் சிகிச்சை, மெதொட்ரெக்சேற் முதலிய பயன்கண்ட மருத்துவத்தை இழக்கின்றனர். மெதொட்ரெக்சேற் வாரத்துக்கொருமுறை மட்டுமே உண்ணத்தக்கது, கருவுற்றோர்க்கு ஆகாது. சிலருக்கு நோய் மூட்டுக்களையும் பற்றும். விடியலில் விரல்கள் வீங்கி மடங்காதிருப்பின், கொழுந்தெடுக்கும் அவ்விரல்கள் நிரந்தரமாகக் கோணுமுன், தோட்ட மருந்தகத்திற் கடிதம் பெற்று அரசாங்க வைத்தியசாலையை அடைதல் வேண்டும். சீனி உருண்டையை விடமனமில்லாதவர் அதனையும் கொண்டே செல்லலாம்.