லண்டனில் கேஸ் பில் ஏறினால் இங்கே பருத்தி விலை ஏன் இறங்குகிறது?

தை பிறந்துவிட்டால் டெல்டா மாவட்டங்களில் சம்பா அறுவடை முடிந்த வயல்களில் நெல் தரிசுப் பருத்தி விதைப்பு தொடங்கிவிடும். விதை ரகம், உர அளவு, சாறு உறிஞ்சும் பூச்சி பற்றியெல்லாம் இந்தப் பகுதியில் பலமுறை எழுதியாயிற்று. இந்த வாரம் பயிரைப் பற்றி அல்ல, வட்டியைப் பற்றி எழுதுகிறேன். ஒரு பருவத்தின் லாபத்தைக் காய்ப்புழு தின்பதைவிட வேகமாக வட்டி தின்றுவிடும். அதற்கு மருந்தும் கிடையாது.

2022 கோடையை நினைத்துப் பாருங்கள். ஒழுங்குமுறை விற்பனைக்கூட ஏலத்தில் பருத்தி குவிண்டாலுக்கு 10,000 ரூபாயைத் தாண்டியது. பஞ்சு விலை 356 கிலோ கொண்ட ஒரு கேண்டிக்கு ஒரு லட்சம் ரூபாயைக் கடந்தது. அந்த விலையை நம்பி 2023-ல் பலரும் பரப்பைக் கூட்டினார்கள். திருவாரூர் பக்கம் நான் சந்தித்த ஒரு விவசாயி, மனைவியின் நகையை அடகு வைத்து மூன்று ஏக்கர் கூடுதலாகக் குத்தகைக்கு எடுத்திருந்தார். "விலை எப்படி சார் இருக்கும்?" என்று கேட்டார். "அது என் துறை இல்லைங்க" என்று சொல்லிவிட்டு இலைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஆண்டு அவர் பருத்தி 6,000 ரூபாய்க்கும் போகவில்லை. அன்று சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

விலை இறங்கிய வழி

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது போர் தொடுத்தது. ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்த இயற்கை எரிவாயு விலை ஐரோப்பாவில் மேலும் எகிறியது. அங்கே குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க எரிவாயு வேண்டும். பிரிட்டனில் ஒரு சராசரி வீட்டின் ஆண்டு மின்சார, எரிவாயுக் கட்டணத்துக்கான உச்சவரம்பு 2021 அக்டோபரில் 1,277 பவுண்டாக இருந்தது. ஓராண்டில் அது 3,549 பவுண்டாக உயர்ந்தது. அரசு தலையிட்டு அதை 2,500 பவுண்ட் அளவில் நிறுத்த வேண்டியதாயிற்று. அப்படியும் கட்டணம் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

விலைவாசியை அடக்க அந்நாட்டு மத்திய வங்கிகள் வட்டியை உயர்த்தின. பிரிட்டனில் 2021 டிசம்பர் வரை 0.1 சதவீதமாக இருந்த வட்டி, 2023 ஆகஸ்டில் 5.25 சதவீதமானது. அமெரிக்காவிலும் ஏறக்குறைய பூஜ்யத்திலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் போனது. வீட்டுக் கடன் தவணையும் கேஸ் பில்லும் ஒன்றாக ஏறும்போது ஒரு குடும்பம் முதலில் எதைக் குறைக்கும்? சாப்பாட்டைக் குறைக்க முடியாது. புதுத் துணியைத்தான் தள்ளிப்போடும். 2023-ல் ஜெர்மனியின் பொருளாதாரம் சுருங்கியது. அந்த ஆண்டின் இரண்டாம் பாதியில் பிரிட்டனும் மந்தநிலையில் விழுந்தது.

திருப்பூர் பனியன்களுக்கு அமெரிக்காவும் ஐரோப்பாவும் பிரிட்டனும்தான் பெரிய சந்தை. அங்கே கடையில் துணி தேங்கினால் திருப்பூருக்கு ஆர்டர் குறையும். ஆர்டர் குறைந்தால் நூல் தேங்கும், நூல் தேங்கினால் மில்கள் பஞ்சு வாங்குவதைக் குறைக்கும். கடைசியில் அந்தச் சுமை ஏலக்கூடத்தில் நிற்கும் உங்கள் தலையில் இறங்கும். 2023-ன் நடுவில் கேண்டி விலை 60,000 ரூபாய்க்கும் கீழே வந்தது.

இது ஒன்று மட்டுமே காரணம் அல்ல. 2022 விலையே தாங்க முடியாத உயரம்தான். நூல் விலை உயர்வைக் கண்டித்து அந்த மே மாதம் திருப்பூரில் வேலைநிறுத்தமே நடந்தது. பஞ்சு மீதான 11 சதவீத இறக்குமதி வரியை மத்திய அரசு அந்த ஆண்டு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நீக்கி வைத்தது. ஆனாலும் விலை திரும்ப எழாமல் படுத்தே கிடந்ததற்கு வெளிநாட்டு மந்தநிலை ஒரு முக்கியக் காரணம்.

வட்டி இங்கேயும் ஏறியது

அதே காலத்தில் நம் ரிசர்வ் வங்கியும் ரெப்போ வட்டியை 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக உயர்த்தியது. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ஆறு முறை உயர்வு. 2023 மார்ச்சில் வீட்டு சிலிண்டர் 1,100 ரூபாயைத் தாண்டியது. பொட்டாஷ் மூட்டை 1,700 ரூபாய் வரை போனது. விற்கிற பொருளின் விலை இறங்கி, வாங்குகிற பொருளின் விலையும் கடன் வட்டியும் ஏறுகிற காலம் இப்படித்தான் வரும். மறுபடியும் வரும்.

ஒரே ஆறுதல், பயிர்க் கடன் வட்டி இந்த ஏற்றத்தில் அசையவில்லை. கிசான் கிரெடிட் கார்டில் 3 லட்சம் ரூபாய் வரை 7 சதவீதம். தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீதம். தமிழ்நாட்டில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வாங்கிய பயிர்க் கடனை உரிய தேதிக்குள் கட்டினால் வட்டியே இல்லை. இந்தச் சலுகை முழுவதும் ஒரே ஒரு தேதியில் தொங்குகிறது. அந்தத் தேதி உங்களுக்கு நினைவிருக்கிறதா?

ஒரு கணக்கு போடுவோம்

இரண்டு ஏக்கர், 20 குவிண்டால் மகசூல், கூட்டுறவுப் பயிர்க் கடன் 60,000 ரூபாய். ஏல விலை 6,000. "7,000 வரட்டும், அப்புறம் விற்கலாம்" என்று மூன்று மாதம் வைத்திருக்க நினைக்கிறீர்கள். அதற்குள் கடன் தேதி கடந்துவிடுகிறது.

முதல் இழப்பு, கடன் வட்டி. ஒரு ரூபாய்கூட வட்டி இல்லாமல் முடிந்திருக்க வேண்டிய கடனுக்கு 7 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 4,200 ரூபாய். குவிண்டாலுக்கு 210 ரூபாய். தேதி கடந்த பிறகு சேரும் அபராத வட்டி தனி.

இரண்டாவது, வீட்டுச் செலவுக்காக வைக்கும் நகை. 60,000 ரூபாயை நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிக்கு அடகுக் கடையில் வாங்கினால் மாதம் 1,200, மூன்று மாதத்துக்கு 3,600 ரூபாய். குவிண்டாலுக்கு 180 ரூபாய்.

இரண்டையும் சேர்த்தால் 390 ரூபாய். எலிச் சேதம், நிறம் மங்குவது, ஏற்றுக் கூலி எதையும் சேர்க்காமலே விலை 6,390-க்கு மேல் போனால்தான் காத்திருந்ததில் முதல் பைசா லாபம். விலை இறங்கினால் நட்டத்தின் மேல் நட்டம்.

இப்போது வேறு விதமாகப் பார்ப்போம். கடன் தேதிக்கு முன்பே 10 குவிண்டாலை விற்று 60,000 ரூபாயை அடைத்துவிடுங்கள். வட்டி பூஜ்யம். அடுத்த பருவத்துக்குப் புதிய கடன் கேட்கும் தகுதியும் கையில் இருக்கும். மீதி 10 குவிண்டாலை ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிடங்கில் வைத்துப் பொருளீட்டுக் கடன் பெற முடியுமா என்று கேளுங்கள். விளைபொருள் மதிப்பில் 75 சதவீதம் வரை, 180 நாள் தவணையில் கிடைக்கும் கடன் இது. 45,000 ரூபாய் கிடைத்தால் நகை வீட்டிலேயே இருக்கும். வட்டி அடகுக் கடையைவிட வெகு குறைவு. விலை ஏறினால் பாதிச் சரக்கில் லாபம் பார்க்கலாம். இறங்கினாலும் தலைக்கு மேல் போகாது.

இந்தப் பருவத்தில் செய்ய வேண்டியவை

விதைப்புக்கு முன்பே கடன் தேதியைக் காலண்டரில் வட்டமிடுங்கள். தை, மாசியில் விதைத்தால் எந்த மாதம் முதல் பறிப்பு வரும், கடன் தேதி அதற்கு முன்னா பின்னா என்று சங்கச் செயலரிடம் பேசித் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

கடன் வாங்கிக் குத்தகைப் பரப்பைக் கூட்டும் முன், போன ஆண்டு விலையை வைத்துக் கணக்கு போடாதீர்கள். குறைந்தபட்ச ஆதரவு விலையை வைத்துப் போடுங்கள். அந்த விலையில் செலவு தேறாது என்றால் அந்தப் பரப்பு வேண்டாம். பருத்தி வரிசைகளுக்கிடையே உளுந்து ஊடுபயிர் போட்டால், பஞ்சு விலை சரிந்தாலும் கையில் சிறிது காசு நிற்கும்.

திருப்பூருக்கான நூல் விலையை மில்கள் மாதத் தொடக்கத்தில் அறிவிப்பது வழக்கம். அதைச் செய்தித்தாளில் தொடர்ந்து பாருங்கள். தொடர்ந்து இரண்டு மாதம் நூல் விலை இறங்கினால் பருத்தியைப் பதுக்கி வைக்கும் நேரம் அது இல்லை.

தரத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். பனி ஈரம் காய்ந்த பிறகு பறியுங்கள். பிளாஸ்டிக் சாக்கைத் தவிருங்கள். அதன் இழை கலந்தால் விலை போகும். இந்தியப் பருத்திக் கழகக் கொள்முதலில் 8 சதவீத ஈரப்பதத்துக்கே முழு ஆதரவு விலை. 12 சதவீதத்துக்கு மேல் வாங்க மாட்டார்கள். வீட்டில் அடுக்கினால் அடுப்பங்கரைக்கும் மின்கம்பிக்கும் பக்கத்தில் வேண்டாம்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வார்த்தை. வயல் பதிவேட்டில் விதைப்புத் தேதி, உரத் தேதி எழுதுகிறோம். பக்கத்தில் கடன் தேதியையும் எழுதுங்கள். பறிப்பு தொடங்கியதும் ஒரு போன் செய்து நினைவூட்டுங்கள். "அது என் துறை இல்லை" என்று நான் சொன்னதை நீங்கள் சொல்ல வேண்டாம்.

வெளிநாட்டு வட்டியும் எரிவாயு விலையும் நம் கையில் இல்லை. எந்தத் தேதியில் எத்தனை குவிண்டாலை விற்பது என்பது நம் கையில்தான் இருக்கிறது.