கம்பியின்றி வந்த நாதஸ்வரம்

அயல் வீட்டிலே வானொலிப் பெட்டி வந்திறங்கிய நாளில், ஊரெல்லாம் அந்த வீட்டு முற்றத்தில் கூடிநின்று பாட்டுக் கேட்ட காலத்தை வாசகர்களுட் சிலர் நேரில் அறிவர். அறியாதார் தம் பாட்டன் பாட்டியரைக் கேட்டறியலாம். கொழும்பில் ஒலிபரப்பு ஆரம்பமாகியது 1925 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில். ஆகவே கம்பியின்றிப் பாட்டு வருவது நமக்குப் புதுமையன்று. ஆனால், யாரோ அனுப்பும் பாட்டை வாங்கிக் கேட்பது ஒன்று. நம் வீட்டிலே நாமே சிறு நிலையம் ஒன்றை வைத்து, நமக்கு வேண்டிய பாட்டை வேண்டிய அறைக்கு அனுப்புவது வேறொன்று. இவ்விரண்டாவது காரியத்தில் இறங்கி நாம் பட்ட பாட்டையும் கேட்ட பாட்டையும் இங்கே கூற எண்ணுகிறோம்.

எமது தாயார் சென்ற ஆண்டு குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, வெள்ளவத்தையில் உள்ள எமது மாடி வீட்டின் பின்னறையிலே படுக்கையாய்க் கிடந்தார். நோவைவிடத் தனிமையே அவரை வாட்டியது. தந்தையார் உயிரோடிருந்த காலத்தில் ஊர்க்கோவில் திருவிழாக்களில் தாமே ஒலிப்பதிவு செய்த நாதஸ்வரக் கச்சேரிக் கசெற்றுகள் நாற்பத்திரண்டு இருந்தன. அவற்றை யாழ்ப்பாணத்திலிருக்கும் எமது தம்பி கணனியில் ஏற்றி, சிறு பென்ட்ரைவ் ஒன்றில் எமக்கு அனுப்பியிருந்தார். அதைத் தாயார் கேட்க வேண்டும். ஆனால் அந்த அறையிலே வயர் இழுக்கக் கூடாது. ஊன்றுகோலுடன் நடக்கப் பழகும் ஒருவரின் காலடியில் வயர் கிடப்பது என்ன அபாயம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

"கைத்தொலைபேசியிலிருந்து ஒலிபெருக்கிக்கு அனுப்பினாற் போயிற்று" என்று அன்பர்கள் கூறினர். அவ்வாறே செய்தோம். கல்யாணி ராக ஆலாபனை உச்சத்தைத் தொடும் வேளையில் மீன்காரரிடமிருந்து அழைப்பு வந்து, மணியோசை அறையெங்கும் அதிர்ந்தது. நாம் வேலைக்குப் புறப்பட்டதும் பாட்டும் எம்முடனேயே படியிறங்கிப் போய்விட்டது. வீட்டை விட்டு நகராத கருவி ஒன்று தேவை என்பது அப்போதுதான் புலப்பட்டது.

பல்கலைக்கழகத்திலே படித்த காலத்தில் மகன் வாங்கி, மேசை லாச்சியில் மறந்துவிட்ட ராஸ்பெரி பை என்னும் கணனி இவ்விடத்தில் உதவிற்று. பை என்றதும் தாயார் சந்தைக்குக் கொண்டுபோகும் பையென்றே எண்ணினார். உண்மையில் அது வங்கி அட்டை அளவேயான ஒரு பச்சைப் பலகை. அதன்மேல் கணனிக்குரிய அங்கங்கள் யாவும் பொருத்தப்பட்டிருக்கின்றன. கணனிகளுக்குப் பழங்களின் பெயரிடும் பழைய வழக்கத்தை ஒட்டி ராஸ்பெரி என்றும், பைத்தன் என்னும் கணனி மொழியை நினைந்து பை என்றும் பெயர் வைத்தார்கள். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் எபென் அப்டன் என்பவரும் அவருடைய நண்பர்களும், பள்ளிப் பிள்ளைகள் கணனியைத் தொட்டுப் பழகிக் கற்க வேண்டுமென்ற நோக்கத்தோடு இதனை உருவாக்கினர். 2012 ஆம் ஆண்டு பெப்ரவரி 29 ஆந் திகதி முதன்முதலாக விற்பனைக்கு வந்தபோது விலை 35 அமெரிக்க டொலர். எம்மிடமிருந்தது 2016 இல் வெளிவந்த மூன்றாம் வகை. வைஃபை, புளூடூத் ஆகிய இரண்டையும் தன்னுள்ளே கொண்டு வந்த முதல் வகை அதுவே.

புளூடூத் என்ற பெயரின் கதை சுவையானது. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க் தேசத்தை ஆண்ட ஹரால்ட் என்னும் அரசனுக்கு 'நீலப்பல்லன்' என்று பட்டப்பெயர் உண்டு. பிரிந்து கிடந்த மக்களை ஒன்றிணைத்தவன் என்று அவனைப் புகழ்வர். வெவ்வேறு கருவிகளை ஒன்றிணைக்கும் இம்முறைக்கு அவனுடைய பெயரைத் தற்காலிகமாகவேனும் இடலாமென்று 1997 இல் ஜிம் கார்டாக் என்னும் பொறியியலாளர் யோசனை கூற, தற்காலிகப் பெயரே நிலைத்துவிட்டது.

மகன் ஒரு மாலைப் பொழுதில் எல்லாவற்றையும் இணைத்தான். லினக்ஸ் இயக்க முறைமையை நகமளவேயான அட்டையில் ஏற்றி, அதே அட்டையிற் கச்சேரிகளையும் இட்டு, ஒலிபெருக்கியைத் தேடும்படி பைக்குக் கட்டளையிட்டான். கண்டுபிடித்தல், சோடி சேர்த்தல், நம்புதல், தொடுத்தல் என நான்கு படிகள். இவற்றுள் 'நம்புதல்' என்ற மூன்றாம் படியை விட்டுவிட்டால், ஒலிபெருக்கியை அணைத்து மீண்டும் போடும் ஒவ்வொரு முறையும் புதிதாக அறிமுகம் செய்து வைக்க வேண்டி வரும். கலியாணப் பேச்சிலும் இதே வரிசைதானென்று எமது இல்லாள் குறிப்பிட்டார்.

இவ்வழியாகச் செல்லும் ஒலி சற்றுச் சுருக்கப்பட்டே செல்கிறது. இசைத்தட்டின் தரத்தில் ஒலியை விநாடிக்கு 44,100 முறை அளந்து குறித்தால், விநாடிக்கு ஏறத்தாழ 1,411 கிலோபிற் சேரும். புளூடூத்தின் பொதுவான முறை அதனை 328 கிலோபிற் அளவுக்கு, அதாவது காற்பங்கிலும் குறைவாக, வடித்துவிடுகிறது. நாதஸ்வரத்தின் நீண்ட கார்வை இதனால் எந்தக் குறையும் அடைந்ததாக எமக்குத் தோன்றவில்லை. தவிலின் கூரிய சொற்கட்டுகள் சிறிது மழுங்குவதாக மகன் வாதித்தான். அளவெட்டி தட்சிணாமூர்த்தியின் தவிலைக் கேட்டு வளர்ந்த தந்தையார் இருந்திருந்தால் தீர்ப்புக் கூறியிருப்பார். பழைய கசெற்றின் இரைச்சலே பெரிதாக இருக்கையில் இவ்வழக்கைத் தள்ளிவைத்தோம்.

மூன்றாம் நாள் வந்தது பெருந்தொல்லை. இரவு ஏழு மணிக்குப் பின்னர் பாட்டு துண்டு துண்டாக அறுந்து வந்தது.

"தம்பி, பாட்டு ஏன் விக்குது? அதுக்குக் கொஞ்சம் தண்ணி குடு" என்றார் தாயார்.

விக்கலின் காரணத்தைத் தேடி ஒரு வாரம் அலைந்தோம். புளூடூத் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் 79 கால்வாய்களுக்கிடையே விநாடிக்கு 1,600 முறை தாவித் தாவிச் செல்வது. அதே வரிசையிற்றான் வைஃபையின் ஒரு பகுதியும் வாழ்கிறது. நுண்ணலை அடுப்பும் அதே இடத்திற்றான் இரைகிறது. மாடி வீடுகளில் மாலையானதும் ஒவ்வொரு வீட்டாரும் வந்து சேர்ந்து படம் பார்க்கவும் சோறு சூடாக்கவும் தொடங்குவர். சந்தை நெரிசலிலே குழந்தை கைவிட்டுப் போவதுபோலப் பாட்டும் இடையிடையே தொலைந்தது. ஆயினும் அயலாரைக் குறைகூறி முடிந்ததும், பெருங்குற்றவாளி எம் வீட்டிலேயே இருந்தமை தெரிந்தது. மூன்றாம் வகைப் பையில் வைஃபையும் புளூடூத்தும் ஒரே அன்ரெனாவைப் பங்குபோடுகின்றன. ஒரு வாயால் உண்ணவும் பாடவும் முயல்வது போன்றது அது. கருவியைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, இணையப் பெட்டியுடன் வயரால் தொடுத்து, வைஃபையை முற்றாக அணைத்தோம். வயர் கூடத்து மூலையிலே கிடந்தது. தாயாரின் அறைக்குள் நுழையவில்லை. கூடவே, பழைய தொலைபேசிச் சாஜரை நீக்கி, 5 வோல்ற்றில் 2.5 அம்பியர் தரவல்ல மின்வழங்கியை மாட்டினோம். மின்சாரம் போதாதவிடத்துத் திரையின் மூலையில் சிறு மின்னற்குறி ஒன்று தோன்றி எச்சரிக்கும். அக்குறியை அழகுக்கு இட்டதென்று நாம் அதுவரை கருதியிருந்தோம்! விக்கல் நின்றது.

ஆசை அத்துடன் நிற்குமா? கூடத்திலுள்ள பழைய பெரிய ஒலிபெருக்கியிலும் அதே கச்சேரி ஒலிக்க வேண்டுமென்று இல்லாள் விரும்பினார். புளூடூத் ஒருவருக்கு ஒருவர் பேசும் இயல்பினது. பல அறைகளுக்கு வைஃபை வழியே உகந்தது. அதற்கெனச் சினாப்காஸ்ற் என்னும் இலவச மென்பொருள் இருக்கிறது. அது ஒலியைச் சிறு சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் இன்ன கணத்தில் ஒலிக்க என்று நேரத்தைப் பொறித்து அனுப்பும். பெறுகின்ற கருவிகள் தம் கடிகாரங்களை அனுப்புநரின் கடிகாரத்துடன் ஒத்துக்கொண்டு, ஏறக்குறைய ஒரு விநாடி பொறுத்திருந்து, குறித்த கணத்தில் ஒருமித்து ஒலிக்கும். அந்த ஒரு விநாடிச் சேமிப்பு இருப்பதனால் இடையில் அலை சற்று அறுந்தாலும் காதுக்குத் தெரிவதில்லை. கூடத்து ஒலிபெருக்கிக்கென்று, 2021 இல் 15 டொலர் விலையில் வெளிவந்த சீரோ 2 டபிள்யூ என்ற இன்னுஞ் சிறிய பையை வாங்கினோம். அதிற் காதுக்கருவி மாட்டும் துளை கிடையாதாகையால், ஒலி தரும் துணைப்பலகை ஒன்றையும் சேர்த்தோம்.

இவ்வளவும் செய்தும் இரண்டு அறைகளுக்கும் நடுவே நின்றால் இரட்டைக் குரல் கேட்டது. தாயாரின் புளூடூத் ஒலிபெருக்கி தனக்கு வந்த ஒலியை விரித்தெடுக்க விநாடியின் ஐந்திலொரு பங்களவு தாமதித்தது. ஒலி காற்றிலே விநாடிக்கு ஏறக்குறைய 343 மீற்றர் செல்லும். ஆகவே இந்தத் தாமதம், ஒரு நாதஸ்வரம் வீட்டுக்குள்ளும் மற்றொன்று எழுபது மீற்றர் தள்ளித் தெருக்கோடியிலும் ஒலிப்பதற்குச் சமானம். தாமத அளவை மென்பொருளிற் குறித்து, மகன் கணனியிலிருக்க, நாம் நடைவழியில் நின்று "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று கூவக் கூவ, ஒருவாறாக இரண்டும் ஒன்றாயின. படம் பார்க்க இம்முறை உதவாது. உதடு அசைந்து முடிந்த பின்னரே பேச்சு வரும். பாட்டுக்கு அக்குறை இல்லை.

இனிச் சொல்ல வேண்டியது எமது தவறு. 2022 ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற நாட்களைக் கண்டவர்கள் நாம். இருந்தும் இக்கருவி திடீர் மின்தடைக்கு அஞ்சும் பிராணி என்பதை மறந்தோம். அட்டையில் எழுதிக்கொண்டிருக்கும் கணத்தில் மின்சாரம் நின்றால் அட்டையின் கணக்குப் புத்தகமே குழம்பிவிடும். ஒரு மழை இரவில் விளக்கு அணைந்தது. மறுநாட் காலை பையின் சிவப்பு விளக்கு மாத்திரம் எரிந்தது; அட்டையை வாசிக்கும்போது மினுங்க வேண்டிய பச்சை விளக்கு அசையவில்லை. தம்பி அனுப்பிய பென்ட்ரைவை எடுக்க ஓடினோம். அதனை வெறுமையாக்கி, உறவினர் ஒருவரின் கலியாணப் படங்களை அதில் நிரப்பியவர் வேறு யாருமல்லர், நாமே. தம்பியோ தம் பழைய கணனியை விற்றுவிட்டிருந்தார்.

மகன் அந்த அட்டையை வேறொரு லினக்ஸ் கணனியில் இட்டு, இரண்டு இரவுகள் கண்விழித்து, குழம்பிய கணக்கைச் சீர்செய்தான். நாற்பத்தொரு கசெற்றுகள் முழுமையாக மீண்டன. இப்போது இயக்க முறைமை இருக்கும் அட்டை எழுத முடியாதவாறு பூட்டப்பட்டிருக்கிறது. பாட்டுகள் தனித் தட்டில் இருக்கின்றன. வேறிரு பிரதிகள் வேறிரு வீடுகளில் உள்ளன. இவ்வழியில் இறங்கும் வாசகர்கள் முதல் நாளே இவற்றைச் செய்துகொள்ளுமாறு வேண்டுகிறோம்.

மீளாதது 1979 ஆம் ஆண்டுத் திருவிழாக் கசெற்றின் இரண்டாம் பக்கம். அதன் முடிவில், பதிவை நிறுத்துமுன், தந்தையார் யாரிடமோ "நேரம் என்ன?" என்று கேட்கும் குரல் இருந்தது. அந்தக் கசெற்றின் நாடாவை ஊரிலுள்ள பழைய இயந்திரம் கடித்துக் குதறிவிட்டது. துண்டுகளைத் தம்பி ஒரு பிஸ்கற் பேணியிற் போட்டு வைத்திருந்தார். யாழ்ப்பாண நகரில் வானொலி திருத்தும் முதியவர் ஒருவர் அவற்றை ஒட்டித் தர முயல்வதாகக் கூறி வாங்கிவைத்திருக்கிறார்.

தாயார் இப்போது ஊன்றுகோலுடன் கூடம்வரை நடக்கிறார். நடக்கும்போது பாட்டும் அறைவிட்டு அறை அவரோடு வருகிறது. முதற் பக்கம் முடிந்ததும், "மற்றப் பக்கத்தைத் திருப்பிப் போடு தம்பி" என்கிறார். நாம் வேறொரு கச்சேரியைப் போட்டுவிட்டு, அடுத்த ஞாயிறு தம்பியுடன் பேச வேண்டுமென்று குறித்துக்கொள்கிறோம்.