ஐம்பது ரூபாய் கிஃப்டும் ஓலைக் கொட்டானும்



அரையாண்டு லீவு முடிஞ்சு வந்ததும் "லீவுல என்ன பண்ணினே?"ன்னு எல்லாரும் எல்லாரையும் கேட்டாச்சு. நான் சொன்ன பதிலுக்குச் சில பேர் சிரிச்சாங்க. "கூடை பின்னுனியா?"ன்னு கேட்டாங்க. ஆமா, கூடைதான் பின்னினேன். ஏன் பின்னினேன், எப்படிப் பின்னுறதுன்னு விளக்கமா எழுதத்தான் இந்த முழுத்தாளைக் கேட்டு வாங்கியிருக்கேன்.

முதல்ல விஷயத்துக்கு வர்றேன். வருஷா வருஷம் நம்ம வகுப்புகள்ல சீட்டுக் குலுக்கிப் போட்டு, யார் பேரு வருதோ அவங்களுக்கு கிஃப்ட் கொடுக்கிறோம். குறைஞ்சது 50 ரூபாய்க்கு வாங்கணும்னு நாமளே ஒரு விதி வச்சிருக்கோம். டீச்சர் யாரும் சொல்லல. அந்த நாள்ல மட்டும் நாலஞ்சு பேருக்குத் தவறாம வயித்துவலி வருது, கவனிச்சிருக்கீங்களா? நான் கவனிச்சேன். 50 ரூபாய் நமக்குச் சின்னதாத் தெரியலாம். வீட்டுல மூணு பிள்ளைங்க படிச்சா அது 150 ரூபாய்.

அதனாலதான் எங்க வகுப்புல இந்த வருஷம் லீவு விடுறதுக்கு முன்னாடியே பேசி முடிவு பண்ணிட்டோம். கிஃப்ட் கையால செஞ்சதா இருக்கணும். 10 ரூபாய்க்கு மேல செலவு பண்ணக் கூடாது. பொங்கல் லீவு விடுற அன்னிக்கு மாத்திக்கணும். மத்த வகுப்புகளும் சேர்ந்துக்கலாம். இன்னும் நாள் இருக்கு.

கடையில வாங்குற கிஃப்ட்ல என்ன குறைன்னு கேக்கலாம். பொருளை விடுங்க, அதைச் சுத்தியிருக்கிற ஜிகுஜிகு பேப்பரைப் பாருங்க. அது பேப்பர்தானான்னு கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை இருக்கு. கையில வச்சு நல்லா கசக்கிட்டு விரலை விரிங்க. கசங்கினபடியே கிடந்தா பேப்பர். மொறமொறன்னு தானா விரிஞ்சு வந்தா அது பிளாஸ்டிக், இல்லேன்னா பிளாஸ்டிக் பூசினது. பழைய பேப்பர் கடைக்காரர்கூட அதை எடுக்க மாட்டார். கார்டுல தூவுற ஜிகினாவும் பெரும்பாலும் பிளாஸ்டிக் துகள்தான். ஒருதரம் தரையில கொட்டினா மண்ணோட கலந்துரும், பொறுக்கி எடுக்கவே முடியாது.

நம்ம தமிழ்நாட்டுல ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியிற 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1-ஆம் தேதியிலிருந்து தடை. 2021 டிசம்பர் 23-ஆம் தேதி 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கினாங்க. ஆனா கோயில் வாசல்ல மாடு எதைத் தின்னுக்கிட்டு நிக்குதுன்னு தினமும் பார்க்கிறோம். காமதேனு தன் காதுல தண்ணி கொண்டுவந்து சாமிக்கு அபிஷேகம் பண்ணின ஊருன்னு நம்ம தல புராணம் சொல்லுது. கோ+கர்ணம்னா பசுவின் காதுன்னு அர்த்தம். அந்த ஊருல மாடு கவரைத் திங்குது. இதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லல.

சரி, கொட்டானுக்கு வருவோம்.

கொட்டான்னா பனை ஓலையில பின்னுற சின்னக் கூடை. அடி சதுரமா இருக்கும், மேல போகப்போக வாய் வட்டமாயிரும். செட்டிநாட்டுப் பக்கம் கல்யாணம், சடங்குன்னா பாக்கு, சர்க்கரை, பலகாரம் எல்லாம் கொட்டான்ல வச்சுத்தான் கொடுப்பாங்களாம். செட்டிநாடுன்னா காரைக்குடி மட்டும் இல்ல. நம்ம மாவட்டத்துலயே ராயவரம், அரிமளம், கடியாபட்டின்னு செட்டிநாட்டு ஊர்கள் இருக்கு. அப்புறம் எவர்சில்வர் வந்துச்சு, பிளாஸ்டிக் டப்பா வந்துச்சு. பின்னுறவங்க குறைஞ்சு போனாங்க. விசாலாட்சி ராமசாமிங்கிறவங்க ஒரு அறக்கட்டளை வச்சு, தெரிஞ்ச பெரியவங்களைத் தேடிப் பிடிச்சு, கிராமத்துப் பெண்களுக்குக் கத்துக்கொடுக்க வச்சாங்க. இன்னிக்குச் 'செட்டிநாடு கொட்டான்' புவிசார் குறியீடு வாங்கின பொருள். பத்தமடைப் பாய், தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை மாதிரி அதுக்கும் ஒரு மரியாதை கிடைச்சிருச்சு.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். எனக்கு முதல்ல தெரிஞ்சது எங்க அப்பத்தா. அவங்க சின்ன வயசுல கொட்டான் பின்னி வித்தவங்க. எங்க தெருவுல இப்போ அது தெரிஞ்சவங்க அவங்க ஒருத்தர்தான். கண்ணுல புரை விழுந்திருக்கு, ஊசியில நூல் கோக்க முடியல. ஆனா ஓலையைக் கையில கொடுத்தா பார்க்காமலே பின்னுறாங்க. எங்க அப்பா கத்துக்கல. அத்தையும் கத்துக்கல. "சோத்துக்கு ஆகாத வேலை, எதுக்கு அவுகளுக்கு?"ன்னு அப்பத்தாவே சொல்லிக்கொடுக்காம விட்டுட்டாங்களாம். நான் கேட்டப்போகூட, "பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு இது எதுக்குத்தா?"ன்னுதான் சொன்னாங்க. மூணு நாள் கூடவே உக்காந்த பிறகுதான் ஓலையை எடுத்துட்டு வரச் சொன்னாங்க.

செய்முறை இதுதான். கவனமாப் படிங்க.

நல்ல ஓலை குருத்தோலைதான். மரத்துல நடுவுல விரியாம இருக்கிற இளசு. அதை வெயில்ல காயப்போட்டா வெளிறி வெள்ளையாகும். ஒவ்வொரு இதழுக்கும் நடுவுல இருக்கிற ஈர்க்கை உரிச்சு எடுத்துடணும். பிறகு ஒரே அகலத்துக்குக் கிழிக்கணும். அளவு முக்கியம். ஒரு பட்டை அகலமும் இன்னொண்ணு ஒடுக்கமுமா இருந்தா மூலை சேரவே சேராது. எனக்கு அப்பத்தா சொன்னது சுண்டுவிரல் அகலம். நான் ஸ்கேல் வச்சு 1 செ.மீ. எடுத்துக்கிட்டேன். நீளம் 40 செ.மீ. மொத்தம் 16 பட்டை.

பின்னுறதுக்கு முன்னாடி தண்ணியில நனைச்சு, ஈரத்துணியில சுத்தி வைங்க. காய்ஞ்ச ஓலையை மடிச்சா நரம்போட கீறிக்கும். "காஞ்ச ஓலைகிட்ட மல்லுக்கட்டாத, நனைச்சிட்டு வா"ன்னு அப்பத்தா ஒரு நாளைக்குப் பத்துத் தரம் சொல்லுவாங்க.

இப்போ 8 பட்டையைப் பக்கத்துப் பக்கத்துல படுக்க வைங்க. மீதி 8 பட்டையைக் குறுக்கே, ஒண்ணு மேல ஒண்ணு கீழன்னு, பாய் பின்னுற மாதிரி நுழைங்க. நடுவுல 8க்கு 8 சதுரம் வரும். நாலு பக்கமும் பட்டைகள் நீட்டிக்கிட்டு நிக்கும். இதுவரைக்கும் யாருக்கும் வரும். மூலை திருப்புறதுலதான் சூட்சுமம். நாம எல்லாரும் சதுரத்தோட மூலைதான் கூடையோட மூலைன்னு நினைப்போம். அது இல்ல! ஒவ்வொரு பக்கத்தோட நடுவுலதான் கூடையோட மூலை வருது. அதாவது ஒரு பக்கத்துல நீட்டிக்கிட்டு இருக்கிற 8 பட்டையில 4-ஆவதையும் 5-ஆவதையும் பிடிச்சு, ஒண்ணு மேல ஒண்ணு குறுக்கே மாத்திப் போடணும். அந்த இடம் தானா எழும்பி மூலையாகும். பிறகு இடப்பக்கத்து நாலும் வலப்பக்கத்து நாலும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு சாய்வா நுழைஞ்சு சுவர் எழும்பும். நாலு பக்கமும் இப்படியே. கைவிட்டா பிரிஞ்சுரும், அதனால துணி கிளிப்பை மாட்டிக்கங்க. அப்பத்தா கிளிப்பைப் பார்த்துச் சிரிச்சாங்க. அவங்க கால் கட்டைவிரல்லயே பிடிச்சுக்குவாங்க.

போதுமான உயரம் வந்ததும் மிச்சப் பட்டையை உள்பக்கமா மடிச்சு, கீழ உள்ள பின்னலுக்குள்ள சொருகணும். பசை, ஊசி, ஆணி எதுவும் வேண்டாம். என்னோட முதல் கொட்டானுக்கு மூணு மதியம் ஆச்சு. இப்போ ஒரு மதியத்துல முடிக்கிறேன். இந்தத் தாளோட வலது ஓரத்துல, மூலை திருப்பின நிலையில பாதிப் பின்னல் ஒண்ணு ஒட்டியிருக்கேன். தொட்டுப் பார்க்கலாம். பிய்க்காதீங்க!

கலர் வேணும்னா கடைச்சாயம் வாங்கிக் கொதிக்கிற தண்ணியில போட்டுத்தான் ஏத்துறாங்க. நான் மஞ்சள்தூளைக் கொதிக்க வச்சு முக்கினேன். அருமையா ஏறும், ஆனா வெயில்ல வச்சா வெளுத்துரும். வீட்டுக்குள்ள வச்சுக்கிற கிஃப்டுக்கு அது போதும்.

குருத்தோலையைப் பத்தி ஒரு எச்சரிக்கை. பனைமரம் வருஷத்துக்கு ஏறக்குறைய 12-லிருந்து 14 ஓலைதான் விடும். மாசத்துக்கு ஒண்ணுன்னு வச்சுக்கங்க. ஒரே மரத்துல குருத்தை வெட்டிக்கிட்டே இருந்தா மரம் நலிஞ்சு போகும். நம்மள மாதிரி பிள்ளைங்க மரம் ஏறவும் கூடாது. மரம் ஏறுற பெரியவர்கிட்ட ஒண்ணு கேட்டு வாங்குங்க. ஒரு குருத்துல பல கொட்டான் பின்னலாம். பனை நம்ம மாநில மரம். 2021-ல இருந்து கலெக்டர் அனுமதி இல்லாம பனையை வெட்டக் கூடாதுன்னு அரசு சொல்லியிருக்கு. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் அடிச்சப்போ நம்ம மாவட்டத்துல தென்னை வரிசை வரிசையாச் சாஞ்சுது. பனை பெரும்பாலும் நின்னுச்சு. அதுக்குப் பிறகுதான் குளக்கரையில பனங்கொட்டை ஊன்றுற வழக்கம் நிறைய ஊர்ல சூடு பிடிச்சது. பனங்கொட்டை முளைக்கும்போது முதல்ல மேல வராது, கீழதான் இறங்கும். அதைத்தான் பொங்கல் சமயத்துல தோண்டி, பனங்கிழங்குன்னு அவிச்சுத் திங்கிறோம். கொட்டானுக்குள்ள நாலு பனங்கிழங்கு வச்சுக் கொடுத்தா அதைவிட நல்ல கிஃப்ட் என்ன இருக்கு?

ஓலை கிடைக்காதவங்களுக்கு இன்னும் இரண்டு வழி சொல்றேன்.

ஒண்ணு மகிழம்பூ. நம்ம கோயிலோட தலமரமே மகிழ மரம்தான். சாமிக்கும் மகிழவனேஸ்வரர்னு ஒரு பேரு உண்டு. இந்தப் பூவுக்கு இரண்டு விசேஷம். நடுவுல இயற்கையாவே ஓட்டை இருக்கிறதால ஊசி இல்லாம நூல்ல, ஏன், ஈர்க்குலகூடக் கோக்கலாம். காய்ஞ்ச பிறகும் வாசனை போகாது. என் தங்கச்சி போன கோடையில பொறுக்கிக் காயவச்ச பூவை ஒரு டப்பாவுல மூடி வச்சிருந்தா. லீவுல பழைய பருத்தித் துணியில சின்னச் சின்னப் பையாத் தச்சு அதுக்குள்ள போட்டோம். புஸ்தகப் பைக்குள்ள, துணி அலமாரிக்குள்ள வைக்கலாம். செலவு சுழியம். ஆனா மரத்தை உலுக்காதீங்க, அதிகாலையில தானா உதிர்ந்ததே போதும்.

இரண்டாவது, பொங்கல் வாழ்த்து. ஒரு காலத்துல மார்கழி பொறந்ததும் வாழ்த்து அட்டைக் கடை தெருவெல்லாம் முளைக்கும்னு அம்மா சொல்லுவாங்க. கரும்பு, பானை, காளை படம் போட்டது. செல்போன் வந்ததும் அது அடங்கிப் போச்சு. எல்லார் வீட்டுலயும் பழைய கல்யாணப் பத்திரிகை கட்டுக்கட்டா இருக்கும். கெட்டியான அட்டை, பின்பக்கம் வெள்ளை. அதை மடிச்சு, எழுதி, வரைஞ்சு கொடுக்கலாம். சாமி படம் போட்டிருந்தா வெட்டக் கூடாதுன்னு எங்க வீட்டுல சத்தம் போட்டாங்க. அதனால படம் இல்லாத உள்தாளையும் கவரையும் மட்டும் எடுத்துக்கிட்டேன். பசைக்கு மைதா மாவைத் தண்ணியில கரைச்சுக் காய்ச்சினாப் போதும். பூச்சி வராம இருக்க மயில்துத்தம் கலப்பாங்க. அது விஷம், நமக்கு வேண்டாம். அன்னிக்குக் காய்ச்சினதை அன்னிக்கே தீர்த்துடுங்க.

நம்ம மாவட்டத்துக்காரங்களுக்குக் காகித வேலை புதுசும் இல்ல. குளமங்கலம் அய்யனார் கோயில் பெரிய குதிரைக்கு மாசி மகத்துல ஆயிரக்கணக்குல காகிதப்பூ மாலை போடுறாங்களே, அதெல்லாம் கையால செஞ்சதுதான். கழுத்து தெரியாத அளவுக்கு மாலை!

ஒரு விஷயத்துல எனக்கு உடன்பாடு இல்ல, அதையும் எழுதிடுறேன். 'கழிவிலிருந்து கலைப்பொருள்'னு சொல்லிக் காலி பாட்டிலுக்குப் பெயின்ட் அடிச்சு, தெர்மாகோல் ஒட்டி, ஜிகினா தூவி, பொட்டுக்கல் பதிச்சுச் செய்யிறாங்க. ஒரு பாட்டிலைக் காப்பாத்த அஞ்சு புதுக் குப்பையைக் கடையில வாங்குறோம். வெறும் பாட்டிலையாவது பழைய சாமான்காரர் எடுப்பார். அலங்காரம் பண்ணின பாட்டிலை அவரும் எடுக்க மாட்டார். பையும் அப்படித்தான். புதுத்துணி வாங்கி மஞ்சப்பை தைக்கிறதைவிட, அப்பாவோட பழைய வேட்டியில தச்சது நல்லது. பருத்தி விளையத் தண்ணி எவ்வளவு செலவாகுதுன்னு விவசாயி வீட்டுப் பிள்ளைங்களைக் கேளுங்க.

கையால செஞ்சதைக் கொடுத்தா மத்தவங்க சிரிப்பாங்களோன்னு சில பேர் தயங்குறீங்க. தொண்டைமான் ராஜா காலத்துல நவராத்திரிக்கு அரிசியோட தானமாக் கொடுத்த அம்மன் காசைப் பார்த்திருக்கீங்களா? பொத்தான் அளவு செப்புக் காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்குல 'விஜய'. நம்ம ஊர் மியூசியம் 1910-ல ஆரம்பிச்சது, பள்ளிக்கூடத்துல இருந்து நடந்தே போகலாம். அங்க பழங்காசுப் பிரிவும் இருக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிட்டு வாங்க.

என்கிட்ட கிழிச்சு வச்ச ஓலை இன்னும் 60 பட்டை மிச்சம் இருக்கு. ஆளுக்கு 16 கணக்குல மூணு பேருக்கு வரும். ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவுல வந்து கேளுங்க. வர்ற சனிக்கிழமை மதியம் அப்பத்தா திண்ணையில உக்காந்திருப்பாங்க, கத்துக்க வர்றவங்க வரலாம்னு சொல்லிட்டாங்க. மூணு பேர் வந்தா, எங்க தெருவுல கொட்டான் தெரிஞ்சவங்க அஞ்சு பேராயிருவோம். துணி கிளிப் கொண்டுவந்துருங்க. வெத்தலைபாக்கு வாங்கிட்டு வந்தா அப்பத்தா இன்னும் சந்தோஷமாச் சொல்லிக்கொடுப்பாங்க.