கார்டுக்குக் குறைந்தபட்சத் தொகை: பலகை மாட்டுமுன் கணக்குப் பார்ப்போம்



நம் கடைவீதிகளில் பல கடைகளில் கல்லாவுக்கு மேலே ஓர் அட்டை தொங்குகிறது. "கிரெடிட் கார்டு ரூ.300-க்கு மேல் மட்டும்" என்று ஒரு கடையில் இருக்கும். அடுத்த கடையில் 200, எதிர்க் கடையில் 500. மளிகை, மருந்து, பேன்சி, பாத்திரம் என்று எந்தத் தொழிலும் இதற்கு விலக்கில்லை. வங்கி பிடிக்கும் கமிஷனிலிருந்து தப்பிக்கத்தான் நம்மவர்கள் இந்தப் பலகையை மாட்டுகிறார்கள். அது நியாயமான கவலையே. ஆனால் இந்தப் பலகையால் அந்தக் கமிஷன் உண்மையில் மிச்சமாகிறதா? நாற்பது ஆண்டுகளாகச் சில்லறை வணிகர்களோடு கொடுக்கல் வாங்கல் செய்து வருபவன் என்ற முறையில் சில கணக்குகளை உங்கள் முன் வைக்கிறேன்.

அண்மையில் என் மண்டிக்குச் சரக்கு எடுக்க வந்த ஓர் இளம் மளிகைக்கடைக்காரரிடம், "தம்பி, உங்க கடையில 300 ரூபாய்னு போட்டிருக்கீங்களே, அது எந்தக் கணக்கு?" என்று கேட்டேன். "பக்கத்துக் கடையில 300 போட்டிருந்தாங்க அண்ணாச்சி, நானும் அதையே போட்டுட்டேன்" என்றார். பெரும்பாலான பலகைகளின் கதை இதுதான்.

அமெரிக்காவில் இருக்கும் காரணம்

குறைந்தபட்சத் தொகை என்ற வழக்கம் அமெரிக்கச் சிறு கடைகளில் பரவலாக உண்டு. அங்கே அதற்குச் சட்டமே இடம் கொடுக்கிறது. 2010 ஜூலையில் நிறைவேறிய டாட்-ஃபிராங்க் சட்டப்படி, கிரெடிட் கார்டுக்கு 10 டாலர் வரை குறைந்தபட்சத் தொகையை ஒரு கடைக்காரர் விதிக்கலாம். டெபிட் கார்டுக்கு இந்த உரிமை கிடையாது. ஒரு கம்பெனியின் கார்டுக்கு ஒரு தொகை, இன்னொன்றுக்கு வேறு தொகை என்று பாகுபாடு காட்டவும் கூடாது.

அந்த ஊர்க் கடைக்காரர் இதைக் கேட்டு வாங்கியதற்குக் காரணம் உண்டு. அங்கே ஒவ்வொரு விற்பனைக்கும் சதவீதக் கட்டணத்தோடு, தொகை சிறிதானாலும் பெரிதானாலும் மாறாத சில சென்ட்டுகளையும் சேர்த்துப் பிடிக்கிறார்கள். எடுத்துக்காட்டாக 2 சதவீதமும் 10 சென்ட்டும் என்று வைத்துக்கொள்வோம். 2 டாலர் காபிக்குக் கட்டணம் 14 சென்ட், அதாவது 7 சதவீதம். 50 டாலர் சரக்குக்கு 1 டாலர் 10 சென்ட், அதாவது 2.2 சதவீதம். தொகை குறையக் குறைய கட்டணத்தின் பாரம் ஏறுகிறது. அங்கே குறைந்தபட்சத் தொகைக்குப் பொருள் இருக்கிறது.

நம் ஊர்க் கணக்கு வேறு

நம் நாட்டில் கடைக்காரரிடம் பிடிக்கும் கட்டணம் பெரும்பாலும் சதவீதம் மட்டுமே. 2 சதவீதம் என்றால் 50 ரூபாய்க்கு 1 ரூபாய், 500 ரூபாய்க்கு 10 ரூபாய். பாரம் இரண்டிலும் ஒன்றுதான். சிறிய பில்லைத் தள்ளிவிட்டுப் பெரிய பில்லை ஏற்பதால் சதவீதம் குறைந்துவிடப் போவதில்லை.

இன்னும் ஒன்று. 2,000 ரூபாய் வரையிலான கார்டு விற்பனைக்கு வங்கி பிடிக்கும் கட்டணத்தின் மீது ஜி.எஸ்.டி. கிடையாது. 2,000-ஐத் தாண்டினால் அந்தக் கட்டணத்தின் மீது 18 சதவீதம் வரி சேரும். ஆக, நம் ஊரில் சிறிய பில்லுக்குத்தான் பாரம் சற்றுக் குறைவு.

ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். ஒரு வாடிக்கையாளர் சோப்பும் பிஸ்கட்டுமாக 100 ரூபாய்க்கு வாங்குகிறார். அதில் கடைக்காரருக்கு 10 ரூபாய் நிற்கிறது என்று கொள்வோம். கார்டுக்கு 2 ரூபாய் போனால் மீதி 8 ரூபாய். இன்னொருவர் அரிசி மூட்டை, எண்ணெய் டின், சர்க்கரை என்று 5,000 ரூபாய்க்கு வாங்குகிறார். இந்தச் சரக்கில் 3 சதவீதம்தான் நிற்கும் என்றால் லாபம் 150 ரூபாய். கார்டுக் கட்டணம் 100, அதன் மீது வரி 18, ஆக 118 போய்விட்டது. மீதி 32 ரூபாய். உள்வரி வரவு எடுக்க முடிந்தவருக்கு அந்த 18 திரும்பி வரும். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு அதுவும் வராது.

100 ரூபாய் வியாபாரத்தில் 8 ரூபாய், 5,000 ரூபாய் வியாபாரத்தில் 32 ரூபாய். பலகை யாரைத் திருப்பி அனுப்புகிறது? 8 ரூபாய் தந்தவரை. யாரை வரவேற்கிறது? 5,000 ரூபாய் முதலை முடக்கி 32 ரூபாய் தந்தவரை. நம்மைக் கடிப்பது பில்லின் அளவு அல்ல, சரக்கில் நிற்கும் லாபத்தின் அளவு. அதைப் பலகை பார்ப்பதில்லை.

"மெஷினுக்கு மாத வாடகை கட்டுகிறோமே" என்று சிலர் கேட்பார்கள். வாடகை மாதம் 500 ரூபாய் என்றால், 100 பில் போட்டால் பில்லுக்கு 5 ரூபாய் விழும், 500 பில் போட்டால் 1 ரூபாய். சிறிய பில்களை ஒதுக்கினால் வாடகை குறையாது, மீதிப் பில்களின் தலையில் ஏறும். உங்கள் ஒப்பந்தத்தில் ஒவ்வொரு பில்லுக்கும் இத்தனை ரூபாய் என்று தனியாகப் பிடிக்கும் நிபந்தனை இருந்தால் மட்டும் கணக்கு மாறும். அப்படி இருக்கிறதா என்று முதலில் ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள்.

விதி என்ன சொல்கிறது?

விசா, மாஸ்டர்கார்டு இரண்டின் விதிகளும், உள்நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் இடம் தவிர, குறைந்தபட்சத் தொகை விதிப்பதைத் தடை செய்கின்றன. நாம் வங்கியோடு போடும் ஒப்பந்தம் இந்த விதிகளுக்குக் கட்டுப்பட்டது. பலகையைப் படம் எடுத்து ஒருவர் புகார் செய்தால் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர்தான்.

பலகைக்குப் பதில் "கார்டுக்கு 2 சதவீதம் கூடுதல்" என்று வாங்குவது இன்னும் ஆபத்து. டெபிட் கார்டுக்கு அப்படிக் கூடுதல் வாங்குவது ஏற்கத்தக்கதல்ல, அப்படிச் செய்யும் கடையின் தொடர்பை வங்கி துண்டிக்க வேண்டும் என்று 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி அறிவித்தது. அத்தோடு பொட்டலச் சரக்கில் அதிகபட்ச சில்லறை விலை அச்சாகியிருக்கிறது. அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி குற்றம். கார்டுக் கட்டணம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

டெபிட் கார்டையும் கிரெடிட் கார்டையும் ஒன்றாகப் பார்ப்பது நம்மவர்களின் பெரிய குறை. 2018 ஜனவரி 1 முதல் டெபிட் கார்டுக்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாய் வரை உள்ள கடைக்கு 0.40 சதவீதம், ஒரு பில்லுக்கு 200 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. அதற்கு மேற்பட்ட கடைக்கு 0.90 சதவீதம், ஒரு பில்லுக்கு 1,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. 2020 ஜனவரி 1 முதல் ரூபே டெபிட் கார்டுக்கும் யூ.பி.ஐ.க்கும் கட்டணமே இல்லை. 100 ரூபாய் டெபிட் கார்டு பில்லுக்கு 40 பைசாவோ 90 பைசாவோதான் செலவு. அதற்காகவா வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புவது?

கிரெடிட் கார்டுக்கு மட்டும் இப்படி உச்சவரம்பு கிடையாது. அங்கேதான் நம் உண்மையான வலி இருக்கிறது.

போகிறவர் எங்கே போகிறார்?

மருந்துக்கடைக்கு ஒரு பெரியவர் வருகிறார். மாத்திரை 180 ரூபாய். கையில் ரொக்கம் இல்லை, செல்போனில் பணம் அனுப்பத் தெரியாது, மகன் கொடுத்த கார்டு இருக்கிறது. பலகை 300 என்கிறது. ஒன்று, தேவையில்லாத 120 ரூபாய்ச் சரக்கை அவர் வாங்க வேண்டும். இல்லையேல் வெளியேற வேண்டும். அவர் போவது நம் சக வணிகரின் கடைக்கு அல்ல, பலகை இல்லாத பெரிய சங்கிலிக் கடைக்கு. மொத்த வியாபாரத்தைக் காட்டி வங்கியிடம் பேரம் பேசிக் குறைந்த சதவீதம் வாங்கும் வசதி அவர்களுக்கு இருக்கிறது. அந்த 180 ரூபாய் வாடிக்கையாளர் அடுத்த மாதம் 1,800 ரூபாய் மருந்தையும் அங்கேதான் வாங்குவார். தலைமுறை தலைமுறையாக முகம் பார்த்து வியாபாரம் செய்த நாம், ஓர் அட்டையை மாட்டி அந்த முகத்தை இழக்கலாமா?

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, சிறிய தொகைக்கு க்யூ.ஆர். அட்டையை முன்னால் வையுங்கள். கார்டை நீட்டுபவரிடம் "முடியாது" என்று சொல்ல வேண்டாம். "போனில் அனுப்ப முடியுமா?" என்று முகமலர்ந்து கேளுங்கள். பலர் சம்மதிப்பார்கள். ரூபே கிரெடிட் கார்டை யூ.பி.ஐ.யோடு இணைத்திருப்பவர்களும் இப்போது இருக்கிறார்கள். அப்படி வரும் 2,000 ரூபாய் வரையிலான தொகைக்குச் சிறு வணிகர்களிடம் கட்டணம் இல்லை என்று 2022 அக்டோபரில் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் அறிவித்தது.

இரண்டாவது, ரொக்கத்துக்குக் கழிவு கொடுங்கள். இது நமக்குப் புதிதல்ல. மண்டியில் ரொக்கத்துக்கு ஒரு விலை, தவணைக்கு ஒரு விலை என்பது நம் பாட்டனார் காலத்து முறை. அச்சிட்ட விலைக்குக் கீழே விற்க எந்தத் தடையும் இல்லை. லாபம் குறைந்த அரிசி, எண்ணெய், சர்க்கரைக்கு மட்டும் ரொக்கமாகவோ யூ.பி.ஐ. மூலமாகவோ கொடுத்தால் ஒரு சதவீதம் கழிவு என்று எழுதிப் போடுங்கள். கார்டுக்காரரைத் தண்டிப்பதைவிட ரொக்கக்காரரை மகிழ்விப்பது நல்லது. கிரெடிட் கார்டுக்குப் போகும் 2-இல் 1 உங்களுக்கு மிச்சம், 1 வாடிக்கையாளருக்கு.

மூன்றாவது, மாதா மாதம் வங்கிக் கணக்கறிக்கையைக் கையில் பேனாவோடு படியுங்கள். டெபிட்டுக்கு எவ்வளவு, கிரெடிட்டுக்கு எவ்வளவு, 2,000-க்குக் கீழ் வரி பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். "எல்லாம் ஆட்டோமேட்டிக்" என்று விட்டுவிடுபவரிடம்தான் தவறுதலாகப் பிடித்த பணம் திரும்பாமல் நிற்கும்.

நான்காவது, சங்கமாகப் பேரம் பேசுவோம். தனிக் கடை வங்கி மேலாளர் முன் நின்றால் அச்சிட்ட கட்டணப் பட்டியலை நீட்டுவார். ஒரு வீதியே சேர்ந்து, இத்தனை கடை, மாதம் இத்தனை லட்சம் கார்டு வியாபாரம் என்று கணக்கோடு போனால் பேச்சே வேறு. மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்பதை நமக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஐந்தாவது, அரசிடம் கேட்க வேண்டியதைக் கேட்போம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 டிசம்பர் முதல், கார்டு கொடுத்த வங்கி எடுக்கும் பங்குக்கு உச்சவரம்பு உண்டு. பொதுமக்களின் கிரெடிட் கார்டுக்கு 0.3 சதவீதம், டெபிட்டுக்கு 0.2 சதவீதம். நம் நாட்டில் டெபிட் கார்டுக்கு வைக்க முடிந்த வரம்பைச் சிறு வணிகரின் கிரெடிட் கார்டு விற்பனைக்கும் வைக்க முடியும். நம் கோரிக்கை ரிசர்வ் வங்கிக்கும் நிதி அமைச்சகத்துக்கும் போக வேண்டும். அந்தக் கோரிக்கையை வாடிக்கையாளர் தலைக்கு மேல் தொங்கவிடுவதால் பயனில்லை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இந்த மாதக் கணக்கறிக்கை வந்ததும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். 300 ரூபாய்க்குக் குறைவான கார்டு பில்களுக்கு மொத்தம் எவ்வளவு கமிஷன் போயிருக்கிறது என்று கூட்டிப் பாருங்கள். பலகையால் அப்படிப் பில்லே இல்லாதவர்கள், ஒரு மாதம் அதைக் கழற்றி வைத்துவிட்டுக் கூட்டிப் பாருங்கள். வரும் தொகையைப் பார்த்த பிறகு, பலகை இருக்கலாமா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.