கட்டியைக் காட்டும் ஒளி



மாலையில் நீங்கள் கிளையை விட்டுச் சென்ற பின்னரும் எங்கள் பணி முடிவதில்லை. காசாளரின் கையிருப்பும் கணக்கும் ஒத்து வந்த பிறகே பெட்டகம் பூட்டப்படும். மார்பகப் புற்றுநோய்க்கான அறுவை அரங்கில் இத்தகைய சரிபார்ப்பு எளிதன்று. மருத்துவர் கட்டியை அகற்றிக் காயத்தைத் தைத்துவிடுகிறார். கட்டி முழுவதும் வந்துவிட்டதா என்ற விடையோ, நோயியல் ஆய்வகத்திலிருந்து பெரும்பாலும் சில நாட்கள் கழித்தே வருகிறது.

இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் சுமார் 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாக உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டுள்ளது. முன்னாளில் மார்பகம் முழுவதையும் அகற்றுவதே வழக்கம். மிலான் நகரிலும் அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகளின் 20 ஆண்டு முடிவுகள் 2002-இல் வெளியாயின. தொடக்க நிலையில் கட்டியை மட்டும் நீக்கிக் கதிர்வீச்சு அளித்தாலும் ஆயுள் குறைவதில்லை என்பதை அவை மெய்ப்பித்தன. ஆயினும் ஒரு குறை நின்றது. இங்கிலாந்தில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றின்படி, இவ்வாறு சிகிச்சை பெற்ற ஐவரில் ஒருவர் மீண்டும் அறுவை மேசைக்குச் செல்ல நேர்ந்தது. மறுபடியும் மயக்க மருந்து, மறுபடியும் விடுப்பு, மறுபடியும் செலவு, எல்லாவற்றுக்கும் மேலாக மறுபடியும் அச்சம்.

இலக்கைத் தேடி

கண்ணுக்கும் விரலுக்கும் புலப்படாத எச்சத்தை ஒளிரச் செய்தால் என்ன என்பதே ஆய்வாளர்களின் எண்ணம். அதற்குப் புற்றுச் செல்களிடம் மிகுந்தும், அருகிலுள்ள நலமான திசுவில் குறைந்தும் காணப்படும் ஒரு மூலக்கூறு வேண்டும். அதுவே இலக்கு. அதனைச் சென்று பற்றும் பொருளுடன் ஒளிரும் சாயத்தை இணைத்து நரம்பு வழியே செலுத்துவர்.

இலக்கைத் தேர்வதுதான் கடினம். ஹெர்-2 என்னும் ஏற்பி செல்லின் மேற்பரப்பில் இருப்பதால் எளிதில் எட்டக்கூடியது. ஆனால் மார்பகப் புற்றுநோயாளிகளுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவரிடமே அது மிகுந்துள்ளது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பலரிடம் உண்டு. அதுவோ பெரும்பாலும் செல்லின் உட்கருவில் உள்ளது. நெதர்லாந்தின் குரோனிங்கன் மருத்துவர்கள், புதிய இரத்த நாளங்களை வளர்க்கும் விஇஜிஎஃப்-ஏ என்ற புரதத்தைத் தேர்ந்தனர். அதனைப் பற்றும் பெவாசிசுமாப் மருந்துடன் அண்மை அகச்சிவப்புச் சாயத்தை இணைத்து, 26 பேரிடம் நடத்திய ஆய்வை 2018-இல் வெளியிட்டனர்.

அமெரிக்காவில் வேறொரு வழி கண்டனர். கேத்தெப்சின் முதலான சில நொதிகள் கட்டியிலும் அதன் ஓரத்திலும் மிகுந்து செயல்படுகின்றன. பெகுலிசியானின் என்ற சாயம், அந்நொதிகள் அதனை வெட்டும் வரை பெரிதும் ஒளிராது, வெட்டியபின் ஒளிரும். அறுவைக்குச் சில மணி நேரம் முன்பு அது செலுத்தப்படுகிறது. கட்டியை எடுத்த பின், குழிக்குள் ஒரு கைக்கருவியை வைத்து மருத்துவர் எஞ்சிய ஒளியைத் தேடுகிறார். கட்டியின் வகை எதுவாயினும் பயன்படக்கூடியது என்பது இந்த இலக்கின் சிறப்பு.

வரவும் செலவும்

2023-இல் வெளியான ஆய்வில், இம்முறையில் பரிசோதிக்கப்பட்ட 357 பேருள் 27 பேரிடம் வழக்கமான அறுவைக்குப் பின்னும் தங்கியிருந்த புற்று கண்டறியப்பட்டது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 ஏப்ரலில் இதற்கு ஒப்புதல் வழங்கியது.

வரவை எழுதினால் செலவையும் எழுதுவதே எங்கள் தொழில் மரபு. அதே ஆய்வில், புற்று எஞ்சியிருந்த ஓரங்களில் ஏறத்தாழப் பாதியையே ஒளி காட்டியது. நலமான திசுவும் சில வேளை ஒளிர்ந்தது. ஒரு சிலருக்குக் கடும் ஒவ்வாமை நேர்ந்தது. எனவே நோயியல் ஆய்வகத்தின் அறிக்கையே இன்றும் இறுதிச் சொல். இதனினும் நல்ல இலக்குகளுக்கான தேடல் தொடர்வதும் அதனால்தான்.

இத்தகைய கருவி நம் அருகிலுள்ள மருத்துவமனைக்கு வரும்வரை நாம் செய்யக்கூடியவை உண்டு. மார்பில் புதிய கட்டியோ மாற்றமோ தென்பட்டால் கூச்சத்தால் நாள் கடத்தலாகாது. கட்டி சிறிதாக இருக்கையில் மார்பகத்தைக் காக்கும் வாய்ப்பு மிகுதி. அறுவைக்கு முன், ஓரங்கள் எவ்வாறு சரிபார்க்கப்படும் என்று மருத்துவரிடம் தயங்காது கேளுங்கள். மருத்துவக் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்து, மறு அறுவை நேர்ந்தால் அதன் செலவும் அடங்குமா என்று இன்றே பார்த்து வையுங்கள். இவ்வினாக்களை நலமாக இருக்கும் நாளில் கேட்பது எளிது.